சாலமன் ஜூனோ ஏமாந்து போனவரா? மில்வாக்கியின் முதல் மேயர் பற்றி

பிப்ரவரி 27

வாசகர் ஒருவரின் கேள்வி: “அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் மில்வாக்கி நகரத்தின் முதல் மேயர் சாலமன் ஜூனோவைப் பற்றிப் படித்தேன். ஆற்றின் கிழக்குக் கரை முழுக்க ஒரு காலத்தில் அவர் கையில் இருந்திருக்கிறது. கோர்ட்டுக்கும் சர்ச்சுக்கும் இலவசமாக நிலம் கொடுத்திருக்கிறார். கடைசியில் பெரிய சொத்து எதுவும் இல்லாமல் இறந்துபோனார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரம் தெரியாதவர், கிழக்கிலிருந்து வந்த யாங்கிகளிடம் ஏமாந்தவர் என்றுதான் தோன்றுகிறது. வேறு மாதிரி நினைப்பவர்கள் சொல்லுங்கள்.”

பிப்ரவரி 27, இரவு

நான் வேறு மாதிரிதான் நினைக்கிறேன்.

மில்வாக்கியில் பல வருடங்களாக இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் அவருடைய கடை இருந்த மூலையைத் தாண்டித்தான் போவேன். வாட்டர் தெருவும் விஸ்கான்சின் அவென்யூவும் சந்திக்கிற இடம். இன்று அங்கே உயரமான கட்டடம் நிற்கிறது. 1820-களில் அங்கே நின்றது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு. குடும்பமும் வியாபாரமும் அங்கேதான். சரக்கு ஏற்றி இறக்க எதிரிலேயே ஆறு. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த ஆற்று முகத்துவாரத்தில் வியாபாரம் என்றால் ஜூனோதான். அவரைப் போய் வியாபாரம் தெரியாதவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1793-ல் மான்ட்ரியாலுக்குப் பக்கத்தில் ரெபாந்தின்யி என்ற ஊரில், பிரெஞ்சு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். வேலை தேடி மேக்கினாக் தீவுக்கு வந்தார். மிச்சிகன் ஏரியும் ஹியூரான் ஏரியும் சேரும் நீரிணைக்குப் பக்கத்தில் உள்ள தீவு அது. தோல் வியாபாரத்தின் பெரிய சந்தை அங்கேதான் இருந்தது. ஜாக் வியோ என்ற மூத்த வியாபாரி அவரைக் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டார். 1818-ல் மில்வாக்கிக்கு வந்தார். 1820-ல் வியோவின் மகள் ஜோசெட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். கொஞ்ச காலத்தில் மாமனாரின் வியாபாரம் மருமகன் கைக்கு வந்துவிட்டது.

மேயர் பதவியெல்லாம் 1846-ல், அதுவும் ஒரே ஒரு வருடம். அவர் வாழ்க்கையை மேயர் என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் வரும். வியாபாரத்திலிருந்து தொடங்கலாம்.

பிப்ரவரி 28

தோல் வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அது புரியாமல் இந்த ஆளைப் புரிந்துகொள்ள முடியாது.

வியாபாரி காட்டுக்குள் போய் வேட்டையாடுவதில்லை. வேட்டை அந்தப் பகுதியின் பழங்குடிகளான பொடாவாடமி, மெனோமினி மக்களுடையது. வியாபாரியின் தொழில் கடன் கொடுப்பது. இலையுதிர் காலத்தில் கம்பளி, செப்புப் பானை, வெடிமருந்து, ஈயக் குண்டு, கத்தி, ஊசி, பாசிமணி, புகையிலை எல்லாவற்றையும் கடனாகக் கொடுத்து அனுப்புவார்கள். குளிர்காலம் முழுக்க வேட்டை. பனி உருகியதும் பீவர், மஸ்க்ராட், நீர்நாய், ரக்கூன், மான் என்று தோல்கள் வந்து இறங்கும். அவற்றைக் கட்டுக் கட்டாக இறுக்கிப் படகில் மேக்கினாக்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் அமெரிக்கன் ஃபர் கம்பெனி எடை பார்த்து, தரம் பார்த்துக் கணக்கில் வரவு வைக்கும். ஜூனோ வாங்கிய சரக்கும் கம்பெனியிடம் கடனாக வாங்கியதுதான். கம்பெனி ஜூனோவுக்குக் கடன், ஜூனோ வேட்டைக்காரருக்குக் கடன். ஒரு வருடம் பனி சரியாக இல்லை, அல்லது அம்மை நோய் வந்துவிட்டது என்றால் நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் சாராயமும் ஓடியது. சட்டம் தடுத்தும் ஓடியது. அந்தக் காலத்து வியாபாரத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசக்கூடாது.

நான் கொஞ்ச காலம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் வசூல் பக்கம் வேலை பார்த்தேன். எங்களிடம் பின்தேதியிட்ட காசோலை இருக்கும், ஜாமீன் கையெழுத்து இருக்கும், வக்கீல் நோட்டீஸ் இருக்கும். இத்தனை இருந்தும் சரக்கு வாங்கியவர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். தூக்கம் வராத ராத்திரிகள் அவை. ஜூனோவிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. கோர்ட் இல்லை, போலீஸ் இல்லை, எழுத்து வாங்கினாலும் காட்ட ஆள் இல்லை. கடன் வாங்கியவர் அடுத்த வசந்தத்தில் வேறு ஆற்றங்கரையில் வேறொரு வியாபாரியிடம் தோலைப் போட்டுவிட்டால் யார் கேட்பது? ஆனால் வருடத்துக்கு வருடம் தோல்கள் அவரிடம்தான் வந்தன.

பிப்ரவரி 28, சற்று நேரம் கழித்து

அப்படியென்றால் அவர் எதை நம்பிக் கடன் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன், தூக்கம் வந்துவிட்டது. நாளை.

மார்ச் 1

ஜோசெட்.

ஜோசெட்டின் அப்பா பிரெஞ்சு வம்சாவளி வியாபாரி. அம்மா வழியில் மெனோமினி உறவு. பிரெஞ்சும் பழங்குடி மொழிகள் பலவும் பேசியவர். அந்த ஏரிக் கரையில் உறவுமுறை இல்லாதவனுக்கு மரியாதையும் கிடையாது, கடனும் திரும்பாது. ஒரு வியாபாரி அந்த மக்களின் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டால் அவர் மாப்பிள்ளை, மச்சான், சித்தப்பா என்று யாருக்கோ ஏதோ ஒரு முறை ஆகிவிடுகிறார். பஞ்ச காலத்தில் அவர் சோறு போட வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும், துக்கத்துக்கு வந்து நிற்க வேண்டும். பதிலுக்கு வசந்தத்தில் தோல் அவர் வாசலுக்கு வரும். மாமனார் வியோவும் இப்படித்தான் வேரூன்றினார். பெரிய ஏரிகளைச் சுற்றிலும் பிரெஞ்சு வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் செய்தார்கள்.

ஆக, ஜூனோவின் முதலீடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஜோசெட்டின் உறவுக்கூட்டம். நகர வரலாற்றில் அவரைப் ‘பக்தியுள்ள மனைவி, ஏகப்பட்ட குழந்தைகளின் தாய்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவர் பங்கு.

அவரைப் பற்றி ஒரு கதை இங்கே சொல்லப்படுகிறது. 1830-களில் ஜூனோ ஊரில் இல்லாத நேரத்தில், கோபத்திலிருந்த பொடாவாடமி ஆட்கள் வெள்ளையர் வீடுகளைத் தாக்கத் திட்டமிட்டார்களாம். ஜோசெட் ராத்திரி முழுக்க வெளியே நடமாடி, அவர்களிடம் பேசித் தடுத்து நிறுத்தினாராம். நடந்தது எவ்வளவு, பிற்பாடு சேர்ந்தது எவ்வளவு என்பது வேறு விஷயம். அந்த ராத்திரியில் பேசக்கூடிய ஒரே ஆள் ஜோசெட்தான் என்று ஊர் நம்பியது. எனக்கு அது போதும்.

மார்ச் 3

‘நல்ல மனிதர்’ என்ற பகுதிக்கு வருகிறேன். அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டுப் போனது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூனோ கொடுத்த நிலம் அவருக்கு எப்படி வந்தது? 1831-ல் மெனோமினி மக்கள் வாஷிங்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மில்வாக்கி ஆற்றுக்குக் கிழக்கும் வடக்குமான நிலம் அரசாங்கத்துக்குப் போனது. 1833 செப்டம்பரில் சிகாகோ ஒப்பந்தம். பொடாவாடமி, ஒடாவா, ஓஜிப்வே மக்கள் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் சுமார் 50 லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்து மிசிசிப்பிக்கு மேற்கே போக வேண்டும் என்று ஆனது. மில்வாக்கி ஆற்றின் மேற்கும் தெற்கும் அதில் அடங்கியவை. நகரம் எழும்பிய நிலம் முழுவதும் இந்த இரண்டு காகிதங்களில் கைமாறியது. கிழக்குக் கரை மனைவியின் உறவுக்காரர்களுடைய நிலம்.

சிகாகோ ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயம் உண்டு. பழங்குடிகள் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய கடன் என்று சொல்லி, நிலத்துக்குக் கொடுத்த பணத்திலிருந்தே ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அந்தக் காலத்து ஒப்பந்தங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை எழுதிக் கொடுத்தது வியாபாரிகள். கடன் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியும்? இலையுதிர் காலக் கடன் வெறும் தோலைக் கொண்டு வந்ததோடு நிற்கவில்லை, கடைசியில் நிலத்தையும் கொண்டு வந்தது.

வசூல் வேலையில் இதை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். சின்னக் கடைக்காரருக்கு வருடக்கணக்கில் கடன் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் பாக்கிக்குப் பதில் கடையின் இடத்தையே எழுதி வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போது எல்லாரும் சிரித்த முகம்தான். யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் வெளியே வந்து நின்ற நிலையை மறக்க முடியவில்லை.

ஜூனோவை இதில் தனி வில்லனாக ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவர் மக்களோடு வாழ்ந்தார், அவர்கள் மொழியில் பேசினார், பிள்ளைகள் அந்த ரத்தம். ஆனால் நகரத்துக்கு ‘இலவசமாகக் கொடுத்தார்’ என்று படிக்கும்போது, அதற்கு முன்னால் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மார்ச் 3

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: பொடாவாடமி எல்லாரும் போய்விட்டார்களா?

இல்லை. ஒரு பகுதி மக்கள் போக மறுத்து வடக்கு விஸ்கான்சின் காடுகளில் தங்கிவிட்டார்கள். இன்றைய ஃபாரஸ்ட் கவுண்டி பொடாவாடமி சமூகம் அவர்கள் வழி வந்தது. டவுன்டவுனுக்குச் சற்றுத் தெற்கே, மெனோமினி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய கேசினோ அவர்களுடையதுதான். 1991-ல் பிங்கோ அரங்கமாகத் தொடங்கினார்கள். ஊரில் எனக்குத் தெரிந்த பலருக்கு அந்தப் பெயர் கேசினோவின் பெயராக மட்டும்தான் தெரியும்.

மார்ச் 6

இப்போது நிலமும் பணமும்.

1833-ல் கிரீன் பேயிலிருந்து மார்கன் மார்ட்டின் என்ற வக்கீல் வந்து பார்க்கிறார். ஆறு ஏரியில் சேரும் இடம், துறைமுகத்துக்கு வாகானது. ஜூனோவின் உரிமையில் பாதியை 500 டாலருக்கு வாங்கிக் கூட்டாளி ஆகிறார். 1831-லேயே ஜூனோ அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தார். 1835-ல் கிரீன் பேயில் அரசாங்க நில விற்பனை நடந்தது. ஏக்கருக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றேகால் டாலர். அதையே தெருவும் மனையுமாகப் பிரித்து விற்றார்கள். 1836-ல் மில்வாக்கியில் மனை வாங்காதவனே இல்லை என்கிற அளவுக்கு ஒரு ஜுரம். வாங்கிய மனையை மறுநாள் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

பணம் வந்தபோது ஜூனோ என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். மார்ட்டினோடு சேர்ந்து கோர்ட் கட்ட நிலம் கொடுத்து, கட்டடமும் கட்டிக் கொடுத்தார். கதீட்ரல் ஸ்கொயர் என்று இன்று கோடையில் கச்சேரி நடக்கும் பூங்காவே அந்த இடம். தபால் அலுவலகம் அவர் பொறுப்பில். கத்தோலிக்கப் பூசை முதலில் நடந்தது அவர் வீட்டில்.

இதைத் தானம் என்கிறோம். மனை விற்பவரின் கண்ணால் பார்த்தால் வேறு கணக்கும் இருக்கிறது. மாவட்டக் கோர்ட் தன் கரையில் இருந்தால் மனை விலை ஏறும். சர்ச் இருந்தால் குடும்பங்கள் வரும். எதிர்க்கரையில் பைரன் கில்போர்ன் என்ற போட்டியாளர் உட்கார்ந்திருந்தபோது இது நல்ல வியாபாரம். தாராள மனசும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஒன்றுக்காக இன்னொன்றை மறுக்கத் தேவையில்லை.

அப்புறம் 1837. அதற்கு முந்தைய ஜூலையில் ஜனாதிபதி ஜாக்சன், அரசாங்க நிலத்துக்குத் தங்கமும் வெள்ளியும்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். மே மாதம் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. மில்வாக்கியில் மனை விலை சரிந்தது. வாங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள். சில வாரங்களிலேயே, ஜூன் மாதத்தில், ஜூனோ ‘மில்வாக்கி சென்டினல்’ பத்திரிகையைத் தொடங்குகிறார். எதிர்க்கரைக்காரரிடம் முந்தைய வருடமே ஒரு பத்திரிகை வந்துவிட்டது, அதனால். சென்டினல் பெயர் இன்றும் எங்கள் ஊர் நாளிதழின் பெயரில் இருக்கிறது.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இன்னும் கொஞ்சம் ஆழமாக யோசிக்கலாம் என்று தோன்றியது.

ஜூனோவின் பழைய கடன் உறவுக்காரருக்குக் கொடுத்த கடன். தோல் வராத வருடத்திலும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியும், அவர் அத்தையைத் தெரியும், அடுத்த வருடம் வருவார் என்று தெரியும். மனை வாங்க வந்தவர்கள் யார்? நியூயார்க்கிலிருந்தும் நியூ இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்து இறங்கிய அந்நியர்கள். சரிவு வந்ததும் அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடலாம். அவர்களுக்கு ஜோசெட் யாரும் இல்லை. ஒரு கிராமத்து மளிகைக்கடைக்காரர் தன் கடன் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய்க் கடை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

வாசகர் சொன்ன ‘வியாபாரம் தெரியாதவர்’ என்பதை நான் இப்படி மாற்றிச் சொல்வேன்: அவருக்கு நன்றாகத் தெரிந்த வியாபாரத்தின் அடித்தளமே 1830-களில் அந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது. அதனால் லாபம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர், நஷ்டப்பட்டவர்களிலும் அவர் ஒருவர்.

மார்ச் 10

பாலங்கள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

டவுன்டவுனில் ஆற்றைத் தாண்டும் பாலங்கள் பல கோணலாக இருக்கும். என் மகளுக்குக் கார் ஓட்டப் பழக்கியபோது ஒரு பாலத்தில் ஏறியதும் “ஏம்பா ரோடு நேரா போகாம இழுக்குது?” என்று கேட்டாள். பைரன் கில்போர்ன் என்றேன். அன்றைக்கு முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

கில்போர்ன் ஒஹாயோவிலிருந்து வந்த நில அளவையாளர். ஆற்றின் மேற்குக் கரையை வாங்கி கில்போர்ன்டவுன் அமைத்தார். கிழக்கே ஜூனோடவுன். தெற்கே வாக்கர்ஸ் பாயின்ட், வர்ஜீனியாக்காரர் ஜார்ஜ் வாக்கருடையது. கில்போர்ன் தன் தெருக்களை வேண்டுமென்றே கிழக்குக் கரைத் தெருக்களோடு பொருந்தாதபடி போட்டார். பாலமே வரக்கூடாது என்பது எண்ணம். அவர் அச்சிட்ட வரைபடத்தில் கிழக்குக் கரை வெற்றிடமாக இருக்கும். ஏரியில் வரும் பயணிகளை ஏற்றிவர ஒரு சின்ன நீராவிப் படகு வைத்திருந்தார். கிழக்குக் கரையில் இறங்கவிடாமல் நேரே தன் கரையில் கொண்டு வந்து இறக்கிவிடும்.

1840-ல் பிரதேசச் சட்டசபை பாலம் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. செஸ்ட்நட் தெருவில் பாலம் வந்தது. பிறகு இன்னும் சில. எது யார் செலவு, எதைப் பராமரிப்பது என்று சண்டை நீண்டுகொண்டே போனது. 1845 மே மாதத் தொடக்கத்தில் ஒரு கப்பல் ஸ்பிரிங் தெருப் பாலத்தில் மோதிச் சேதப்படுத்தியது. கிழக்குக் கரைக்காரர்கள் சொல்லிச் செய்தது என்று மேற்குக் கரையில் கொதித்தார்கள். சில நாட்களில் மேற்குக் கரைக்காரர்கள் செஸ்ட்நட் தெருப் பாலத்தின் தங்கள் பாதியைப் பிரித்து ஆற்றில் விட்டார்கள். கிழக்கிலிருந்து கூட்டம் ஒரு பழைய பீரங்கியை இழுத்து வந்து கில்போர்னின் வீட்டைப் பார்த்து நிறுத்தியது. அப்போதுதான் அவருடைய மகள் இறந்துவிட்ட செய்தி வருகிறது. பீரங்கி வெடிக்கவில்லை. துக்க வீட்டைச் சுடக்கூடாது என்று கோபத்தின் உச்சியில் இருந்த கூட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

அதற்குப் பிறகும் அடிதடி தொடர்ந்தது. காயம் பட்டார்கள், யாரும் சாகவில்லை. இப்படியே போனால் மூன்று ஊருமே உருப்படாது என்று எல்லாருக்கும் புரிந்தது. 1846 ஜனவரி கடைசியில் மூன்றும் சேர்ந்து மில்வாக்கி நகரம் ஆனது. ஏப்ரலில் தேர்தல். முதல் மேயர் சாலமன் ஜூனோ.

ஏன் அவர் என்று யோசித்திருக்கிறேன். மூவரில் முதலில் வந்தவர். கில்போர்ன் வந்திருந்தால் கிழக்குக் கரை ஏற்காது. ஜூனோவிடம் 1846-ல் பெரிய பணபலம் மிச்சமில்லை, எனவே அவரைப் பார்த்து யாருக்கும் பயமும் இல்லை. மூன்று ஊரும் ஒன்றாக உட்கார ஒரு மூத்தவர் தேவைப்பட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிற்பாடு கில்போர்னும் வாக்கரும் ஆளுக்கு இரண்டு முறை மேயர் ஆனார்கள்.

மார்ச் 10

இன்னொன்று, மேலே சேர்க்க விட்டுப்போனது. மார்ச் 3 குறிப்பில் இரண்டு ஒப்பந்தங்களின் எல்லை மில்வாக்கி ஆறு என்று எழுதினேன் அல்லவா? ஜூனோடவுனும் கில்போர்ன்டவுனும் மோதிக்கொண்ட அதே கோடுதான் அது. கிழக்கே மெனோமினி விட்டுக்கொடுத்த நிலம், மேற்கே பொடாவாடமி விட்டுக்கொடுத்த நிலம். பாலச் சண்டையைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு முதலாளிகளின் அகங்காரம் என்று முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்பே அந்த ஆறு எல்லையாக இருந்தது.

மார்ச் 11

அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ இவர் பெயரா என்று கேட்டவருக்கு: இல்லை. அது ஜோ ஜூனோ என்ற தங்கம் தேடியின் பெயர். அவர் இவருக்கு உறவினர். விஸ்கான்சினில் இருக்கும் ஜூனோ கவுண்டி இவர் பெயர்தான்.

பாலச் சண்டை நடந்த செஸ்ட்நட் தெருவுக்கு இன்று ஜூனோ அவென்யூ என்று பெயர். ஹார்லி டேவிட்சன் தலைமையகத்தின் முகவரி 3700 வெஸ்ட் ஜூனோ அவென்யூ. வண்டிப் பிரியர்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கம்தான், யாருடைய பெயர் என்று தெரியாமலே.

மார்ச் 16

நேற்று தெரெசா போய் வந்தோம், நானும் மனைவியும். டாட்ஜ் கவுண்டியில் ராக் ஆற்றின் கிளைக் கரையில் உள்ள சின்ன ஊர். ஜூனோ தன் அம்மாவின் பெயரை வைத்த ஊர். மில்வாக்கியில் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு 1852 வாக்கில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். ஒரு மாவு மில், ஒரு கடை. அவருடைய வீடு இன்னும் இருக்கிறது, ஊர்க்காரர்கள் பராமரிக்கிறார்கள். சீசன் தொடங்கவில்லை, வெளியே நின்றுதான் பார்த்தோம். அத்தனை பிள்ளைகளை வளர்த்த குடும்பத்துக்கு எளிமையான வீடு. “ஒரு ஊரையே வைத்திருந்தவர் இங்கே வந்து மறுபடி கடை வைத்திருக்கிறாரே” என்றாள் மனைவி. எனக்கு அதில் பரிதாபம் தோன்றவில்லை. மெனோமினி மக்கள் வந்து போகும் பக்கம் அது. தனக்குத் தெரிந்த தொழிலுக்கு, தன்னைத் தெரிந்த மக்களுக்குப் பக்கத்தில் அவர் திரும்பிப் போயிருக்கிறார்.

அப்போது மில்வாக்கி எப்படி ஆகிவிட்டது என்று பாருங்கள். 1840 கணக்கெடுப்பில் 1,712 பேர். 1850-ல் 20,061 பேர். ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடத்தில் ஊரின் பேச்சுமொழியே மாறிவிட்டது. ஆற்றங்கரைத் தோல் கிடங்குக்கு அங்கே என்ன வேலை?

1855 நவம்பரில் ஜோசெட் இறந்தார். கிட்டத்தட்ட சரியாக ஒரு வருடம் கழித்து, 1856 நவம்பர் 14 அன்று ஜூனோ இறந்தார், 63 வயதில். இடம் கெஷீனா, மெனோமினி மக்களின் ஒதுக்கு நிலம். ஒப்பந்தப்படி அரசாங்கம் அவர்களுக்குத் தரும் பணத்தின் பட்டுவாடா நடக்கும் சமயம்.

இந்தக் கெஷீனா பற்றியும் சொல்ல வேண்டும். 1848-ல் மெனோமினி மக்களிடம் மிச்சமிருந்த நிலத்தையும் வாங்கிக்கொண்டு மினசோட்டாவுக்குப் போகச் சொன்னார்கள். தலைவர் ஓஷ்கோஷ் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, முடியாது என்று நின்றுவிட்டார். கடைசியில் 1854-ல் உல்ஃப் ஆற்றங்கரையில் ஒதுக்கு நிலம் கிடைத்தது. விஸ்கான்சினை விட்டுப் போகாமல் நின்ற அந்த மக்கள் நடுவில்தான் ஜூனோ கண்ணை மூடினார். மெனோமினி தலைவர்கள் அவர் அடக்கத்தில் நின்றார்கள். பிற்பாடு உடலை மில்வாக்கிக்குக் கொண்டு வந்து கால்வரி கல்லறையில் வைத்தார்கள்.

பட்டுவாடா நடக்கும் இடத்தில் வியாபாரிகள் கூடுவது வழக்கம். பணம் மக்கள் கையில் வந்த உடனே பழைய பாக்கி வசூலாகும், புதுச் சரக்கு விற்கும். ஜூனோவின் முதல் வேலையும் கடைசிப் பயணமும் ஒரே தொழில். ஆனால் 1818-ல் அந்த மக்களிடம் தோலும் காடும் இருந்தன, 1856-ல் அரசாங்கம் தரும் தவணைப் பணம் இருந்தது. வசூல்காரனாக இருந்தவனுக்கு இந்த வித்தியாசம் நெஞ்சில் தைக்கிறது.

மார்ச் 18

“அப்படியானால் ஜூனோ பூங்காவில் இருக்கும் சிலையை எடுத்துவிடலாம் என்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. 1887-ல் வைத்த சிலை. ஏரியைப் பார்த்த மேட்டில், வேட்டைக்காரர் உடையில், கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். சிலை இருக்கட்டும். கையில் துப்பாக்கிக்குப் பதில் கணக்குப் புத்தகம் இருந்திருந்தால் ஆளைச் சரியாகக் காட்டியிருக்கும் என்பேன். பக்கத்தில் ஜோசெட்டும் அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்பேன். பள்ளிக்கூடத்தில் அவரை முதல் மேயர் என்று சொல்லிக் கொடுக்கும் இடத்தில் 1831, 1833 ஒப்பந்தங்களையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் மகள் படித்த காலத்தில் அது இல்லை. வீட்டில் நான் சொன்னதுதான்.

மார்ச் 18

கேள்வியைத் தொடங்கிய நண்பர், ‘ஏமாந்தவர்’ என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன் என்கிறார். மார்ட்டினுக்கு 500 டாலருக்குப் பாதியைக் கொடுத்ததைச் சுட்டிக்காட்டுகிறார். பின்னால் வந்த விலையை வைத்துப் பார்த்தால் அடிமாட்டு விலைதான், மறுக்கவில்லை. ஆனால் 1833-ல் ஜூனோவிடம் என்ன இருந்தது? உட்கார்ந்திருக்கும் உரிமை மட்டும்தான், பட்டா கிடையாது. அரசாங்கம் நிலத்தை விற்கத் தொடங்கவே இல்லை. ஆங்கிலச் சட்டமும், அலுவலகங்களில் ஆளும் தெரிந்த வக்கீல் கூட்டாளி இல்லாமல் அந்த உரிமையைப் பட்டாவாக மாற்றுவது அவருக்குக் கஷ்டம். மார்ட்டின் கொண்டு வந்தது 500 டாலர் மட்டும் இல்லை.

கில்போர்ன்தான் ஜெயித்தார் என்று எழுதியவருக்கு: அவர் 1850-களில் ரயில்பாதைக்காக விஸ்கான்சின் சட்டசபையையே விலைக்கு வாங்கப் பார்த்து, பெயர் கெட்டு, ஃபுளோரிடாவில் போய் இறந்தார். அது பெரிய கதை. வேறொரு இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.